கேஸ் அடுப்பு என்று வந்த பதில்

பெட்டி, பை, லேபிள், கடைப் பலகை என்று எதற்கும் டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். வேலை கொடுப்பவர்கள் இணையத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள். அம்மா நூல் மில்லுக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிவரை போன முதல் ஆள் நான். முகம் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுதி வேலை வாங்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிமிர்வு வரும். அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டிசைனர்களுக்கு வேலை தேடித்தரும் இணையதளத்தில் வருகிற அறிவிப்புகளில் பல, வேலையே அல்ல. 'சாம்பிள் ஒன்று அனுப்புங்கள், பிடித்தால் வேலை உங்களுக்கே' என்பார்கள். அனுப்பியதும் ஆள் இருக்கமாட்டார். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இது தெரிந்திருந்தும் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா ஏற்றுமதி செய்யும் நிறுவனம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சுத்தமான ஆங்கிலம், பிழையே கிடையாது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இப்படி எழுதுகிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. ஊரில் எல்லாப் பால்கோவா பெட்டியிலும் கோபுரம்தான் இருக்கிறது, இதில் கோபுரம் வேண்டாம் என்று முடிவு செய்து, பால் சுண்டும்போது கரண்டி வாணலியில் இழுத்துச் செல்லும் கோடுகளையே படமாக வரைந்தேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இன்னொன்று கேட்டார், பிறகு இன்னொன்று. எல்லாம் வாங்கிக்கொண்டு கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கொடுத்திருந்த முகவரியைத் தேடி பஸ் ஏறினேன். அங்கே ஒரு சைக்கிள் கடை இருந்தது. அதை நடத்துபவர் என்னைப் பார்த்து, "பால்கோவாவா? இங்க காத்துதாம்மா அடிப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டபடியே, "ஏட்டி, ஆள் மூஞ்சியப் பாக்காம வேலைக்கு ஒத்துக்கிட்ட ஒரே ஆளு நீதான். எங்க மில்லுல கேட்ல நிக்கவன் மூஞ்சியாவது தெரியும்" என்றாள். அந்த வார்த்தை நெடுநாள் உள்ளே கிடந்தது.

அதன் பிறகு நான் போலிகளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி ஆனேன். கணக்கு புதிதாக இருக்கும். பணம் செலுத்தும் வழி உறுதி செய்யப்பட்டிருக்காது. தளத்துக்கு வெளியே பேசலாம் என்று நம்பர் கொடுப்பார்கள். எல்லாம் அவசரம் என்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண் டிசைனர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த குழுவில் சந்தேகமான அறிவிப்பு எதுவானாலும் முதலில் எனக்குத்தான் வரும். "அக்கா, இது உண்மையா?" என்று கேட்பார்கள். நான் ஒரு பார்வை பார்த்துச் சொல்வேன். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

ஆடி பிறப்பதற்கு முன்பு அந்த அறிவிப்பு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பெட்டி. போனில் மொழிபெயர்த்தது போலக் கோணல்மாணலான ஆங்கிலம். 'அன்புள்ள சகோதரி, மிக அவசரம். ஆடித் தேரோட்டத்துக்கு முன்பு பெட்டி வேண்டும். பெயர் போட்ட பெட்டியில் கொண்டுவந்தால் தன் கடை மேசையில் வைத்து விற்பதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன். கோபுரம் வேண்டாம், எல்லாரும் கோபுரம்.' கீழே ஒரு போன் நம்பர். கணக்கு புதிது. பணம் செலுத்தும் வழி உறுதி செய்யப்படவில்லை.

கோபுரம் வேண்டாம் என்ற வரியில் எனக்குச் சுருக்கென்றது. கோபுரம் இல்லாத பால்கோவா பெட்டியை நான் ஒரே ஒருவனுக்குத்தான் காட்டியிருந்தேன். அவனே வேறு வேடத்தில் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அந்த நம்பருக்குப் பேசியிருக்கலாம். குரலைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தளத்துக்கு வெளியே பேசக்கூடாது என்பது நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அதனால் ஒரு பொறி வைத்தேன். உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த கேள்வி என்று நினைத்து, 'பால்கோவா கிண்ட என்ன விறகு எரிக்கிறீர்கள்?' என்று கேட்டேன். புளிய விறகு என்று சொன்னால் சரி, முந்திரிக்கொட்டை ஓடு என்றாலும் சரி.

செத்த நேரத்தில் பதில் வந்தது. 'விறகு இல்லை சகோதரி. கேஸ் அடுப்பு.'

வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கேஸில் கிண்டுவதாகச் சொல்கிறவன் அந்த ஊர்ப்பக்கமே வந்திருக்கமாட்டான். போலி என்று தளத்துக்குப் புகார் கொடுத்தேன். குழுவிலும் போட்டேன். அவர்களும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். 'கேஸ் கோவா' என்று ஒருத்தி எழுத, அதுவே அந்த வாரம் முழுக்க எங்களுக்கு நகைச்சுவை. சீக்கிரமே அந்தக் கணக்கு முடக்கப்பட்டது.

தேரோட்டம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு நைட்டிக் கடைக்கான பையின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அச்சகத்துக்குப் போயிருந்தேன். அங்கே நடுவயதுப் பெண் ஒருவர் பால்கோவா பெட்டிகளைக் கட்டுக்கட்டாகச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் கோபுரம்.

"என்னக்கா, உங்க பெட்டி போடப் போறேன்னிய. இப்ப ஊரான் பெட்டியத் தூக்கிட்டுப் போறிய?" என்று அச்சகக்காரர் கேட்டார்.

"எம் பெட்டி எங்கய்யா வந்துச்சு? உம்மகிட்டத்தான மொதல்ல கேட்டேன். நீரு கோபுரத்த விட்டா கிளி, கிளிய விட்டா கோபுரம்னு காமிச்சீரு."

"அதான் விக்கும்."

"அதான் தங்கச்சி மக போன்ல போட்டா. அதுல ஒருத்தி நல்லாத்தான் பேசுனா. என்ன வெறகு எரிக்கியன்னு கேட்டா. வாடகை வீடுய்யா, வெறகு எரிச்சா செவரு கரியாயிரும்னு வீட்டுக்காரம்மா விடல, அதனால கேஸுன்னு போடச் சொன்னேன். அம்புட்டுத்தான். பொறவு அத தொறக்கவே முடியல. ஏமாத்துக்காரின்னு எழுதிருக்குன்னு தங்கச்சி மக அழுதா."

அச்சகக்காரர் சிரித்துக்கொண்டே, "கேஸ்ல கிண்டுனா பின்ன என்ன சொல்லுவாவ?" என்றார்.

"திங்கவங்க ஒண்ணும் சொல்லலயே. தேரு வந்துச்சு, பெட்டி வரல. கடைக்காரவிய அந்த எடத்துல வேற ஒருத்தர் சரக்க வச்சிட்டாவ. இப்ப அந்தச் சரக்குக்காரர்கிட்டயேதான் கூலிக்குக் கிண்டப் போறேன். அங்க வெறகு அடுப்புதான்" என்றார் அவர்.

கையில் இருந்த பையின் நிறத்தைப் பார்க்க வந்ததே எனக்கு மறந்துபோயிற்று. பேசாமல் வெளியே வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அம்மா சாக்கைத் தைக்க ஊசியைத் தேடிக்கொண்டிருந்தபோது, "விறகு கேட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். முன்பு ஏமாந்ததையும், அதே ஆள் என்று நினைத்ததையும் சொன்னேன். பெட்டியை இப்போதே செய்து தருகிறேன், எதுவும் கொடுக்க வேண்டாம் என்றேன். பேச்சு கோவையாக வரவில்லை. ஆங்கிலத்தில் அவ்வளவு நயமாக எழுதுகிறவள், தமிழில் அங்கே திக்கினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? நான் யாரோ டெல்லிக்காரின்னுல நெனச்சேன். எந்த ஊரு தாயி?"

"ராஜபாளையம்."

"இங்கன இருக்க ராஜபாளையமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "போன்ல ஒரு வார்த்த கூப்ட்ருந்தா பஸ் ஏறி வந்து காமிச்சிருப்பேனே."

நான் மறுபடியும் பெட்டியைப் பற்றிப் பேசினேன்.

"பெட்டிக்குள்ள போட எங்கிட்ட என்ன இருக்கு? பெரிய வாணலிய வித்தாச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாக்கைத் தைத்து முடித்து, தலையில் தூக்கிவிடும்படி என்னிடமே கேட்டார். தூக்கிவிட்டேன். வாசல்படியில் திரும்பி நின்று, "ஒண்ணு கேக்கேன். அன்னைக்குப் புளிய வெறகுன்னு பொய் சொல்லியிருந்தா எனக்குப் பெட்டி போட்டுத் தந்திருப்ப, இல்ல?" என்றார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் தலையில் சுமையோடு மெதுவாக ஒருமுறை தலையசைத்து, பால் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.