அவர் மேசை மானிட்டர்

அவர் ஏற்காட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். எதையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் உற்றுப் பார்ப்பார்.

நான் காப்பிப் பொட்டலங்களுக்கு லேபிள் வடிவமைப்பவன். கடைசி லேபிள் திரையில் ஒரு நிறமும் அச்சில் வேறு நிறமுமாக வந்ததால், நாகலூர் எஸ்டேட்காரர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். கையைக் கடிக்காத விலையில் புதுக் கம்ப்யூட்டர் தேடி அவர் கடைக்குப் போனேன்.

விளக்கு மினுங்கும் கேபினெட் ஒன்றைக் காட்டினேன்.

“அது எதுக்குங்க? அந்தக் காசுல ரேம் கூடப் போட்டுக்கலாம். உங்க வேலைக்கு மானிட்டர்தானுங்க நொம்ப முக்கியம்.”

என் லேபிளை ஒவ்வொரு மானிட்டரிலும் திறந்து, அச்சான பொட்டலத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் மேசையில் இருந்ததில் மட்டும் நிறம் ஒத்துப்போனது. அதையே கழற்றிப் பழைய சாமான் விலைக்குக் கொடுத்தார்.

அடுத்த மாதம் போனபோது, மங்கலான சிறிய திரையில் குனிந்திருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

“எனக்கு எழுத்துத் தெரிஞ்சாப் போதுமுங்க,” என்றார்.