வாஷர் மாற்றியாச்சு என்று எழுதியவருக்கு

மெக்கானிக் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். என் மகள் ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டரின் சூப்பர்சார்ஜரில் தேய்ந்த வாஷர்களை மாற்றிவிட்டதாக அவளுடைய நீச்சல் கிளப்பும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள். "வாஷர் மாற்றியாச்சு. வண்டி ரெடி." கூடவே கட்டைவிரல் படம். நீங்கள் அதைத் திறக்கவே இல்லை. திறந்தவள் நான்.

நான் சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் பெட்டிகளுக்கு பிரேக் பார்க்கும் ஃபிட்டர். தண்ணீரில் ஓடும் வண்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு நீச்சலும் தெரியாது. வாஷர் தெரியும்.

மகள் பிறந்ததிலிருந்தே நாங்கள் பெஹாலாவில் இருக்கிறோம். அவளுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். பூஜை முடிந்து சிலைகளைக் கங்கையில் கரைக்கும் பாஷான் நாட்களில், படித்துறை ஓரம் வண்டியோடு காவல் நிற்பாள். சிலையோடு யாராவது ஆழத்துக்குப் போய்விட்டால் பாய்ந்து போய் இழுத்து வர வேண்டும். கிளப்பில் அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவள் அவள் மட்டும்தான்.

நீங்கள் ரெடி என்று எழுதிய வாரமே பயிற்சிக்கு எடுத்துப் போனாள். நடு ஆற்றில் வண்டிக்குத் திராணி போய்விட்டது. எவ்வளவு முறுக்கினாலும் ஊர்ந்ததாம். ஓதத்தில் ஏறிய நீர் கடலுக்கு வடிகிற நேரம். ஓட்டம் அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டே போக, ஒரு மோட்டார் படகுக்காரர் கயிறு வீசிக் கரை சேர்த்திருக்கிறார். இதைச் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இனிமே ஆத்துப் பக்கம் போன, காலை ஒடைச்சிருவேன்."

"தூர், போம்மா! பாஷான் வருது."

"வேற யாராவது போகட்டும்."

"யாரு? சொல்லு. அவங்க வீட்டுல மட்டும் அம்மா இல்லையா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "அந்தச் சூப்பர்சார்ஜர் சனியனைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு வா" என்றேன்.

பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்து, வண்டியின் கையேட்டோடும் புதிதாக வாங்கிய எஃகு வாஷர்களோடும் ஷேர் ஆட்டோவில் கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவர் என்ன மீன், இலிஷா என்று கேட்டாராம்.

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி. எஞ்சின் சுழற்றும் பல்சக்கரத்தை விசிறியின் தண்டோடு பிடித்து வைப்பவை இரண்டு வாஷர்கள். இந்தப் பழைய வண்டியில் அவை பீங்கான். தேய்ந்தால் சக்கரம் சுற்றும், விசிறி சுற்றாது. உடைந்தால் துண்டு எண்ணெயோடு எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் அப்படியே நின்றுவிடும்.

சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்தோம். பல்சக்கரத்தை அசையாமல் பிடித்து, தண்டில் ஸ்பேனரை மாட்டினேன். சென்னைக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்க வைத்திருக்கும் கொக்கித் தராசை ஸ்பேனர் நுனியில் மாட்டி, "இழு" என்றேன். முள் அசைவதற்குள் தண்டு வழுக்கிச் சுற்றியது. நல்ல வாஷர் இருந்தால் கையேட்டில் சொன்ன அளவு வரை பிடித்து நிற்க வேண்டும்.

கழற்றி, கழற்றிய வரிசையிலேயே எவர்சில்வர் தட்டில் அடுக்கினேன். வாஷர்கள் கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. ஒன்று உடைந்திருந்தது. துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். நகம் அளவுக்கு ஒரு துண்டு இல்லை.

"எங்கம்மா போச்சு?"

"எஞ்சினுக்குள்ள."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. புதிய எஃகு வாஷரை எடுக்கக் கை நீட்டினாள். அப்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தேன். குறுக்கே சிவப்பாகத் தோல் உரிந்திருந்தது. படகுக்காரரின் கயிறு இழுத்த தடம். அவள் சிரித்துச் சொன்ன கதையில் இது இல்லை.

கையைப் பிடித்துக்கொண்டேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். எழுந்து போய் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தேன்.

"அம்மா, உன் கையெல்லாம் கிரீஸ்."

"வாயை மூடு."

என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து தடவினேன். சின்ன வயதில் தடுப்பூசிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அதே மாதிரி திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் கோர்த்து இறுக்கினேன். கிண்ணம் போல வளைந்த ஸ்பிரிங் வாஷர் ஒன்றை நான் திருப்பிப் போட, "படத்துல அப்படி இல்ல" என்று அவள்தான் நிறுத்தினாள். மறுபடி தராசு. இந்த முறை இழுத்து அவளுக்கு மூச்சு வாங்கியது. தண்டு அசையவில்லை.

மறுநாள் லீவு போட்டு அவளோடு கிளப்புக்குப் போனேன். பழைய எண்ணெயை வடித்து, எண்ணெய் வடிகட்டும் சல்லடையைக் கழற்றினோம். அதில் சிக்கியிருந்தது அந்தத் துண்டு. கழுவி, புது எண்ணெய் ஊற்றி, எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, "பின்னாடி நானும் உக்காருவேன்" என்றேன்.

"உனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"ஜாக்கெட் குடு."

அன்றும் ஆற்றில் நீர் வடிந்துகொண்டிருந்தது. ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி முறுக்கினாள். வண்டி எழும்பிப் பாய்ந்தது. நான் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது குறையவே இல்லை.

"அம்மா, வயித்தை விடு! மூச்சு முட்டுது!"

விடவில்லை. அவள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். ஜாக்கெட்டில் சேற்று நாற்றம். கரைக்கு வந்ததும் "போலாமா பாஷானுக்கு?" என்று கேட்டாள். போ என்றேன்.

உங்களிடம் வண்டி விடுகிற இன்னும் சில கிளப்புகளும் அந்தக் குழுவில் இருக்கின்றன. அவர்களுக்கும் இதே வரியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். உடைந்த வாஷரின் படத்தை மகள் அங்கே போட்டாள். நீங்கள் எனக்கு போன் செய்து, பெரிது பண்ணாதீர்கள் தீதி, தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்கிறீர்கள். தனியாகப் பேச ஒன்றும் இல்லை. எந்தெந்த வண்டியைத் திறக்காமலே ரெடி என்று எழுதினீர்கள்? அதை ஓட்டுகிற பிள்ளைகள் ஆற்றில் இறங்கும் முன், அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.