மிச்சம் பிடித்த மாத்திரை

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தாதியாக இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்குக்கு வெளிநாட்டு அரசாங்க உதவியில்தான் கருத்தடை மாத்திரை வந்தது. அந்த நாட்டில் ஆட்சி மாறியது; உதவியை நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட மகராசனுக்கு என்ன, காலி அலமாரி முன்னால் நின்றது நான். கிள்ளானிலிருந்து மாத்திரை வாங்க வரும் ஓர் அக்காவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. இன்னொரு பிரசவத்தை அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள்கூட மாத்திரை தவறக் கூடாது.

அவர் வந்ததும், "ஸ்டாக் முடிஞ்சு போச்சுக்கா" என்றேன்.

அவர் சிரித்தபடி கைப்பையிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். "பயப்படாதீங்க மிஸ்ஸி, மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன் லா. இல்லாதவங்களுக்கும் குடுங்க. அவரு லோரியோட வெளியூர் போயிட்டா நான் எதுக்குப் போடணும்? வீட்டுல இருக்கிற அன்னிக்கு மட்டுந்தான் போடுவேன்."

அவர் வயிற்றுப் பக்கம் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.