பெரம்பலூரில் எனக்கு என்ன வேலை

போன ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "என் தம்பியை மன்னித்துவிட்டேன்" என்று சாட்சி சொன்னேன். பாதி சபை கண்ணைத் துடைத்தது.

இன்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவனே நின்றான். எனக்குப் போர்டு படிக்கத் தெரியாது. அவனிடம் கேட்க மனசில்லாமல், கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஜன்னலுக்கு ஓடி வந்தான். "அண்ணே, இது பெரம்பலூர் போவுது. நம்மூரு பஸ்ஸு பின்னாடி நிக்குது."

"தெரியும். பெரம்பலூர்ல வேல இருக்கு."

ஒரு வேலையும் இல்லை. போய்த் திரும்பினேன், வெட்கத்தோடு. மன்னிப்பைப் பற்றிய வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பா செத்த அன்று அவன் திட்டியதும் மனப்பாடம்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் மருமகள் கேட்கிறாள்: "மாமா, இதச் சின்ன மாமாகிட்டயே போயி சொல்லலாம்ல? ஃபேஸ்புக்ல எதுக்கு?"

அவளுக்கு என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.