ஐந்து கறியும் ஒரு மூக்கும்

தாய்லாந்துச் சாப்பாட்டுக்கடைக் குசினிக்குள்ள நிக்கிறவன் தாய்லாந்துக்காரன் எண்டு இந்த மொன்றியலில நம்பிக்கொண்டிருக்கிறது, வெளியில மேசையில இருக்கிற ஆக்கள் மட்டும்தான். உள்ளுக்க நாங்கள். நான் யாழ்ப்பாணம், அன்ரன் அண்ணை மன்னார். ஊரில சுடுதண்ணி வைக்கத் தெரியாமல் வந்து, ஆற்றையோ நாட்டுக் கறியைக் கிண்டிச் சீவிக்கிற என்ர இனமே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

எங்கட முதலாளியம்மா மட்டும் அசல் தாய்லாந்து. விண்டர் தொடங்கேக்க அவவுக்கு முழங்கால் பிடிச்சிட்டுது. "ஈஸ்ரருக்கு முதல் கடையின்ர ஐந்து கறியையும் சரியாக் காய்ச்சிக் காட்டு. நீதான் தலைமைச் சமையல்காரன். இல்லாட்டி திரும்பக் கோப்பை கழுவு" எண்டா. அண்டைக்கே என்ர மனிசி வசந்தி, லவாலில இருக்கிற தன்ர தமையனுக்கு ரெலிபோன் எடுத்து, நான் செஃப் ஆகியிட்டன் எண்டு சொல்லிப்போட்டா! அவர் ஊருலகத்துக்கே சொல்லியிட்டார். இனிக் கோப்பை கழுவப் போனா, லவால் பக்கம் தலைகாட்டேலாது.

பச்சை

சிவப்புத்தான் உறைக்கும், பச்சை சாதுவா இருக்கும் எண்டு நான் நினைச்சன். அந்தக் கறிக்கூட்டை அரைச்சு வைக்கிறது முதலாளியம்மா. அதுக்குள்ள முழுக்கப் பச்சைமிளகாய்தான், ஐந்திலயும் பொல்லாதது அதுதான் எண்டு ஆர் கண்டது? முதல் கிழமையே ஒரு கியூபெக் கிழவர் வந்து, உறைப்பில்லாமல் ஏதும் தாங்கோ எண்டார். ருசிகூடப் பார்க்காமல் பச்சையை அனுப்பிவிட்டன்.

கிழவரின்ர முகம் செவ்வரத்தம்பூவாப் போச்சு. கண்ணால ஓடுது, மூக்கால ஓடுது. அம்புலன்ஸுக்கு அடிக்கிறதோ எண்டு நான் ஃபோனைக் கையில எடுத்திட்டன். அவர் ஆறுதலாத் துடைச்சுப்போட்டு நிமிர்ந்தார். "ரெண்டு கிழமையா அடைச்சிருந்த மூக்குத் திறந்திட்டுது, மெர்சி. இன்னொரு கோப்பை தாரும்."

மஞ்சள்

இது பாவப்பட்ட கறி. மஞ்சள், உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பால், குழந்தைப்பிள்ளைக்கும் தீத்தலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனில இருந்து எங்கட ஆக்கள், புருசனும் பெண்சாதியும் வந்தினம். அவர் ஒரு கோப்பையை வழிச்சு முடிச்சு ரெண்டாவதும் கேட்டார். அக்கா ஒரு கரண்டி வாயில வைச்சா, முகம் மாறிச்சுது, என்னைக் கூப்பிட்டா. "தம்பி, இதையே நான் வீட்டில வைச்சா 'இண்டைக்கும் சொதியோ' எண்டு மூஞ்சையைத் திருப்புற மனிசன், இஞ்ச ஏன் கோப்பையை நக்குறார் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

சிவப்பும் பனாங்கும்

ரெண்டும் அண்ணன் தம்பி. சிவப்பு தண்ணியா ஓடும். பனாங் தடிப்பு, கொஞ்சம் இனிப்பு, கச்சான்கடலை அரைச்சுப் போட்டு, தேசிக்காய் இலையை மெல்லிசா அரிஞ்சு தூவுறது. ஒருநாள் அன்ரன் அண்ணை சிவப்பை அடுப்பில வைச்சிட்டு, மகளோட ஃபோனில கதைச்சுக்கொண்டு நிண்டிட்டார். கறி வத்தி இறுகிப்போச்சு. "பயப்பிடாதை தம்பி, பனாங் கேட்டவைக்குக் குடுப்பம்" எண்டு ஒரு பிடி கச்சானை அள்ளிப் போட்டார். பின்னால முதலாளியம்மா நிண்டது எங்களுக்குத் தெரியாது. "அன்ரன், சிவப்பை மறந்தா வாறது பனாங் இல்லை, மறந்த சிவப்பு."

மசமன்

மிஞ்சினது மசமன். ஏலக்காய், கறுவா, கராம்பு எல்லாம் வறுத்துப் போட்டு, மாட்டிறைச்சியை மணித்தியாலக்கணக்கா அவிய விடுறது. வறுக்கேக்க எங்கட வீட்டுத் தூள் மணம்தான். ஆனா நான் கோழி, இறால் எல்லாம் வெளுத்துக் கட்டுவன், மாடு மட்டும் தொடமாட்டன். அதால மசமனை எனக்காக ருசிபார்க்கிறது அன்ரன் அண்ணையின்ர நாக்கு. முதலாளியம்மா பரீட்சைக்குக் குறிச்ச நாளோ, பெரிய வெள்ளி. கரண்டியை நீட்டினன். அண்ணை ரெண்டடி பின்னுக்குப் போனார். "ஆண்டவர் சிலுவையில தொங்குற நாளில எனக்கு மாட்டை நீட்டுறியே, பாவி!" எண்டார். ருசிபார்க்க ஆளில்லாமலே மசமனை இறக்கி வைச்சன்.

முதலாளியம்மா வந்தா. நாலு கறியையும் வாயில வைச்சுத் தலையாட்டினா. மசமனுக்கு மட்டும் கரண்டி எடுக்கேல்லை. குனிஞ்சு ஆவியை மணந்து பார்த்தா. "உப்பில்லை" எண்டா. நானும் அண்ணையும் ஆளையாள் பார்த்தம். அண்ணை போட்டிருப்பார் எண்டு நான், நான் போட்டிருப்பன் எண்டு அண்ணை. லவால் மச்சான் சிரிக்கிறது என்ர காதில கேட்டுது. இனி ஒளிச்சு என்ன, நடந்ததை அப்பிடியே சொன்னன்: நான் மாடு தின்னுறேல்லை, இவர் இண்டைக்குத் தின்னார்.

முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. தங்கட ஆக்கள் கும்பிடுற கருணை அம்மனுக்காகத் தானும் சின்னனில இருந்து மாடு தொடுறேல்லையாம்! இத்தனை வருசமா மூக்காலதான் காய்ச்சினவவாம். உப்புக்கெண்டு மீன்சோஸை விட்டா, திரும்ப மணந்தா, கரண்டியை என்ர கையில தந்தா. "இனிக் கறி உன்ர பொறுப்பு. நாக்கு இல்லாட்டிப் பரவாயில்லை, தடிமன் வந்து மூக்கு மட்டும் அடைக்கப்படாது."

மொன்றியலில திறமான மசமன் எங்கட கடையிலதான் எண்டு ஆக்கள் வரிசையில நிக்கினம், முந்திக் காய்ச்சினவவும் இப்ப காய்ச்சுறவனும் அதை ஒருநாளும் வாயில வைச்சதில்லை எண்டது மட்டும் எங்களுக்குள்ள இருக்கட்டும்.