யெல்மர் மூடிய திரை

நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் எங்கள் கால்வாய்க்கரை ஊரின் பாலக்காரர் யெல்மர். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவார், போனதும் இறக்குவார். கல்யாணம் இல்லை. மீன்காரன் தராசு, வானிலை அறிக்கை, எதையும் நம்பமாட்டார். மீதி நேரமெல்லாம் ஊரை வேடிக்கை பார்ப்பார். இங்கே யாரும் சன்னல் திரையை மூடுவதில்லை. ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஊருக்குச் சொல்லும் வழி அது.

அந்த வசந்தத்தில், பாலத்துக்கு ஆள் எதற்கு, பொத்தான் போதுமே என்று நகராட்சி பேச்சைக் கிளப்பியது. ஊர்க்கூட்டம் கை தூக்கி, ஆள் வேண்டும் என்று சொன்னால் விட்டுவிடுவார்களாம். சரியாக அதே வாரம் ரென்ஸ்கே வந்து இறங்கினாள். சரித்திர ஆராய்ச்சிக்காரி. குடிமகன் என்பவன் யார், நாலு பேர் கூடி எப்படி முடிவெடுப்பது என்று டச்சுக்காரர்கள் காலங்காலமாக யோசித்ததைத் தோண்டுகிறவள். வீடு வீடாக உட்கார்ந்து காப்பி குடித்தாள். யெல்மர் பாலத்திலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்.

ஒருநாள் அவர் கதவையும் தட்டினாள்.

"ஐயா, இந்த ஊர்ல முடிவெடுக்கிறது யாருன்னு கொஞ்சம்..."

"ஏம்மா, யாரை வளைச்சாப் போதும்னு நகராட்சிக்குத் தெரியணுமா?"

"ஐயோ, அவங்களுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லீங்க!"

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க."

கதவைச் சாத்தினார். அதோடு விட்டிருக்கலாம், மனுஷன்! சன்னல் திரையையும் இழுத்து மூடினார். கூட்ட நாள்வரை திறக்கவே இல்லை.

கூட்டத்தில் தலைவர் டௌவே எழுந்தார். "பாலத்துக்கு ஆள் இருக்கட்டும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க."

யெல்மர் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"டௌவே, நீகூடவா? அந்தப் பொம்பள உங்களையெல்லாம் மாத்திட்டாளா?"

"அவ எங்க மாத்துனா? நீதான் திரைய மூடிட்டியே! நகராட்சியோட ரகசியமாப் பேசி முடிச்சுட்ட, வேலைய விட்டுக்கொடுக்க நல்ல தொகையா வாங்கிட்டன்னு ஊரே பேசுது."

"நானா? நான் வாங்குவேனா?"

"அப்ப திரை எதுக்கு?"

"அவ பாத்துடுவாளோன்னுதான்..."

"எதை?"

யெல்மர் வீட்டுக்குள்ளே ஒரு நாற்காலி, ஒரு வானொலி, அவ்வளவுதான். அதைச் சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

அப்போதுதான் கடைசி வரிசையில் இன்னொரு கை உயர்ந்திருப்பதைப் பார்த்தார். ரென்ஸ்கே.

டௌவேயும் பார்த்துவிட்டார். "அம்மா, நீங்க கையை இறக்குங்க. நீங்க இந்த ஊர்க்காரங்க இல்ல."

அவள் இறக்கினாள்.