ஷைனி போட்ட பூட்டு

"சிஸ்டம் சம்மதிக்கில்லல்லோ…"

இப்படிச் சொன்னவர் ஒரு என்ஜினியரிங் காலேஜின் துறைத்தலைவர். ஏசி அறை. மேசை மேல் பிஸ்கட் தட்டு. எதிரே நான். என் பக்கத்தில் தங்கச்சி மேரி. அவளுக்கு அந்தப் பக்கம் அவள் மகள் ஷைனி. அதே காலேஜில் கடைசி வருஷம் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறவள்.

ஷைனிக்கு அட்டெண்டன்ஸ் குறைவு. அதனால் பரீட்சை எழுத விட முடியாது. சிஸ்டம் சம்மதிக்கவில்லை.

"சிஸ்டத்தை உண்டாக்கினதே இவளாக்கும் சார்" என்றேன்.

"அதே! ஷைனி நம்முடெ காலேஜின்டெ அசெட் ஆணு" என்று சிரித்தார். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அசெட்டுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அசெட்டின் மாமனுக்கு பிஸ்கட் உண்டு.

வழக்கமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில், பாறசாலையில் இருக்கும் என் எலக்ட்ரிக் கடைக்கு வருகிறவர்களைப் பற்றி எதையாவது எழுதி உங்களைச் சிரிக்க வைப்பேன். இந்த வாரம் சிரிப்பு ஸ்டாக் இல்லை. ஆத்திரம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

காலேஜ் நெய்யாற்றின்கரையில் இருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. பெயர் வேண்டாம். போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். போடாவிட்டால் எல்லாக் காலேஜும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைக்கும். நினைக்கட்டும்!

போன வருஷம் இந்தக் காலேஜுக்கு 'ஸ்மார்ட் கேம்பஸ்' ஆகிற ஆசை வந்தது. வெளியே ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு என்ன செலவாகும் என்று கேட்டார்கள். கேட்டதும் மானேஜ்மென்ட்டுக்கு ஞானம் பிறந்தது. நம்மிடமே பிள்ளைகள் இருக்கிறார்களே! நன்றாகப் படிக்கிற ஆறு பேரைப் பொறுக்கினார்கள். கழுத்தில் நீலப் பட்டை, அதில் ஒரு அட்டை, அட்டையில் 'ஸ்டூடன்ட் இன்டர்ன்'. லேபில் ஒரு மூலை. காரியம் முடிந்தது.

என் கடையில் இருந்து ஒருத்தனை ஃபேன் மாட்ட அனுப்பினால் அவன் வேலையாள். கூலி கொடுக்க வேண்டும். சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும். ஷாக் அடித்தால் நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவனையே 'இன்டர்ன்' என்று கூப்பிட்டால்? அவன்தான் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் பெரிய வியாபாரியாக இருந்திருப்பான்.

காலேஜ் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு ஆப். லைப்ரரிக்கு ஒன்று. கேன்டீன் டோக்கனுக்கு ஒன்று. இப்படி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஷைனிக்கு அட்டெண்டன்ஸ். கொடுத்தார்கள் என்று சொல்வது தப்பு. இவள் கேட்டு வாங்கினாள்.

ஏன் தெரியுமா? அந்தக் காலேஜில் செமஸ்டர் கடைசியில் ஒரு வாரம் உண்டு. ரெஜிஸ்டரைச் சரிக்கட்டுகிற வாரம். அங்கே மட்டுமா? சரி, அதை விடுங்கள். வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு பையன்… அவன் அப்பா காலேஜ் மானேஜருக்கு வேண்டப்பட்டவர். பேனா ஓடும். ஆப்சென்ட் எல்லாம் பிரசென்ட் ஆகும். ஷைனியின் கூட்டுகாரி சைஜிக்கு அப்பா இறந்த சமயம். கொஞ்ச நாள் வர முடியவில்லை. அவளுக்காக ஒரு பேனாவும் ஓடவில்லை. பிரின்ஸிபால் அறை வாசலில் அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றதை ஷைனி பார்த்திருக்கிறாள்.

அதனால் இவள் ஒரு பூட்டுப் போட்டாள்.

வகுப்பில் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும். போனில் ஸ்கேன் பண்ணினால் பிரசென்ட். சாயங்காலம் காலேஜ் விட்டதும் அன்றைய கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் டீச்சர் தொட முடியாது. ஆபீஸ் தொட முடியாது. பிரின்ஸிபாலே வந்தாலும் தொட முடியாது.

"இனி ஒருத்தனும் பேனாவை எடுக்க ஒக்காது மாமா!" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரு பூட்டைப் பற்றி இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை.

திறப்பு விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். யாரோ பெரிய மனிதர் வந்து பட்டனை அமுக்கினார். "நாங்கள் உருவாக்கினோம்" என்று மானேஜர் மைக்கில் பேசினார். உருவாக்கிய ஆறு பேரும் மேடைக்குப் பின்னால் நின்றார்கள் — புரொஜெக்டர் வயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

வேலை முடிந்தபாடில்லை. தினம் ஏதாவது ஒன்று நிற்கும். யார் செய்த ஆப் ஆனாலும் கூப்பிடுவது இவளைத்தான். கேன்டீன் டோக்கன் வரவில்லை, ஷைனியைக் கூப்பிடு. பஸ் கடலுக்குள் நிற்பதாகக் காட்டுகிறது, ஷைனியைக் கூப்பிடு. துறைத்தலைவர் சார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: "நிங்ஙள் கிளாஸில் வரண்டா. டியூட்டி லீவ் ஞான் தராம்." டியூட்டி லீவ் என்றால், காலேஜ் வேலையாகப் போனவர்கள் வகுப்பில் இருந்ததாகவே கணக்கு.

நியாயம்தான். ஆனால் அந்த டியூட்டி லீவை நம் சார்மார் எப்போது எழுதுவார்கள்? அன்றன்றைக்கா? எந்தக் காலத்தில் எழுதியிருக்கிறார்கள்? செமஸ்டர் கடைசியில், மொத்தமாக உட்கார்ந்து, ஒரே கட்டாக எழுதுவதுதான் வழக்கம். காலேஜ் தொடங்கின நாளில் இருந்து அப்படித்தான். ஷைனிக்கும் அது தெரியும். ஆனால் பூட்டுப் போடும்போது ஞாபகம் வரவில்லை.

நேர்மையான ஆள் பூட்டுச் செய்தால் இப்படித்தான் ஆகும். கள்ளனை மட்டுமே நினைத்துக்கொண்டு செய்வார்கள். தானும் ஒருநாள் வெளியே மாட்டிக்கொண்டு நிற்போம் என்று தோன்றவே தோன்றாது.

மற்ற ஐந்து இன்டர்ன்களும்? அவர்கள் விவரமானவர்கள். வகுப்புக்குப் போய் ஸ்கேன் பண்ணுவார்கள், பின்வாசல் வழியாக லேபுக்கு வந்துவிடுவார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்றாள்.

"கிளாஸ்ல இருக்காம பிரசென்ட் போட்டா பின்னே நான் என்னத்துக்கு இதை உண்டாக்கினேன்?"

செமஸ்டர் கடைசியில் சார் வழக்கம்போல டியூட்டி லீவ் கட்டை எடுத்து உட்கார்ந்தார். ஒரு நாள்கூட ஏறவில்லை. எல்லாம் பூட்டியிருந்தது. குறைவைப் பொறுத்துக்கொள்ள யூனிவர்சிட்டியில் ஒரு சலுகை உண்டாம். டெங்கு வந்த வருஷம் ஷைனி அதை எடுத்துவிட்டாள். மறுபடி கிடையாதாம்.

இப்போது மறுபடியும் அந்த ஏசி அறைக்கு வாருங்கள்.

"சார், கிளாஸுக்கு வராண்டாம்னு நீங்க சொன்னதா இல்லியா?" என்றேன்.

"பறஞ்ஞு" என்று ஒப்புக்கொண்டார்.

"பின்னே?"

"ஞான் பறஞ்ஞது சிஸ்டத்தில் இல்லல்லோ."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அந்தப் பூட்டை இவளுக்கு மட்டும் திறக்கச் சொல்லி ஒரு கடுதாசி எழுதுங்க. நீங்களும் பிரின்ஸிபாலும் ஒப்புப் போடுங்க. இப்பமே திறந்து, பதிஞ்சு, பூட்டிருவா. யாருக்கு என்ன நஷ்டம்?"

சார் சிரிப்பை நிறுத்தினார். இன்ஸ்பெக்‌ஷன் டீம் வரப்போகிறதாம். வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை வேலை செய்ய வைத்தோம் என்று எழுத்தில் இருந்தால் "வலிய பிரஸ்னம்" ஆகுமாம்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஷைனி… அட்மின் பாஸ்வேர்டு நின்டெ கையில் உண்டல்லோ. ஞான் ஒந்நும் கண்டிட்டில்ல." தான் ஒன்றும் பார்க்கவில்லையாம். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. சுவர்தான் இருந்தது.

ஷைனி முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"சார் எழுதித் தருமா?"

"எழுத்தொந்நும் வேண்டா மோளே."

"அப்படின்னா வேண்டாம் சார்."

வராந்தாவுக்கு வந்ததும் நான் அவள் மேல் பாய்ந்தேன். "எட்டி, உனக்கென்ன கிறுக்கா? பூட்டுக்க தாக்கோல் உனக்க கையில. திறந்து விடு! நீ வேலை செய்த நாளைத்தானே போடப்போறே, என்ன களவா எடுக்கே?"

"யாருக்கும் தெரியாம போட்டா களவுதான் மாமா."

"இந்த உலகமே அப்படித்தான்டி ஓடுது!"

"பிடிச்சா சாரையா பிடிப்பாங்க? ஷைனி ஹேக் பண்ணிட்டாள்னு சொல்லுவாங்க. சார்தான் ஒந்நும் கண்டிட்டில்லல்லோ…" என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். அச்சு அசல் சார்! அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேரி சிரிக்கவில்லை. "பாஸ்வேர்டும் மண்ணாங்கட்டியும் எனக்கு வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க அண்ணா. எனக்க பிள்ள பரீட்ச எழுதுவாளா, எழுதமாட்டாளா?"

எழுதாவிட்டால் ஜூனியர்களோடு அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்து வைத்திருந்தது. இந்த வருஷம் டிகிரி முடித்தால்தான் அந்த வேலை.

பிரின்ஸிபாலைப் பார்த்தோம். மானேஜரைப் பார்த்தோம். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் எனக்கு அதிக எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம். நாற்காலி போட்டு உட்கார வைத்து, "அடுத்த வருஷம் நல்லா எழுதுவா" என்று ஆறுதல் சொல்கிறவனை என்ன செய்வது?

முன்பெல்லாம் எந்த ஆபீசிலும் 'முடியாது' என்று சொல்ல ஒரு மனுஷன் வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிலர் பாவம் பார்த்து வழி சொல்வார்கள். சிலர் கைநீட்டுவார்கள். எதுவானாலும் எதிரே ஒரு முகம் இருந்தது. இப்போது முடியாது என்று சொல்ல ஒரு மிஷின் இருக்கிறது. மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தருகிறான்.

சரி, மானேஜருக்கு வேண்டப்பட்டவரின் மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவனுக்கு அட்டெண்டன்ஸ் தாராளம்! தன் போனைக் கூட்டாளியிடம் கொடுத்து வகுப்புக்கு அனுப்பியிருக்கிறான். அவன் வீட்டில் தூங்கினான். போன் காலேஜுக்குப் போய் வந்தது. பூட்டு அவனை ஒன்றும் செய்யவில்லை.

பரீட்சை நாள் வந்தது. மகளோடு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று மேரி கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் பொழியூரில் இருந்து கடலுக்குப் போயிருந்தார். நான் கடையைத் திறக்காமல் திருப்புறத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். ஷைனி பல்லைத் தேய்த்துவிட்டு, தலையும் சீவாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. துறைத்தலைவர் சார்.

"ஷைனி, ஹால் டிக்கெட் ஸ்கேனர் ஹேங் ஆயி. குட்டிகள் எல்லாம் வெளியில் நில்க்குவாணு. ஒந்நு வரோ மோளே?"

மேரி, "போவாதே. போனை வைட்டி" என்றாள். நான் சொன்ன வார்த்தையைப் பத்திரிகையில் போட முடியாது.

ஷைனி எழுந்து லேப்டாப் பையை எடுத்தாள். "சைஜி வரிசையில நிக்கா மாமா. பிந்தினா அவளுக்க நேரமாக்கும் போவது. வண்டியை எடுங்க."

எடுத்தேன்.

வெயிலில் பிள்ளைகள் நீளமாக நின்றிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள். பரீட்சை ஹால் படியில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து ஏதோ தட்டினாள். அவள் வகுப்புப் பையன் ஒருத்தன் குனிந்து, "ஷைனி, எங்களையும் சேர்த்து வெளியே நிறுத்திரு. நான் ஒண்ணும் படிக்கல்ல" என்றான். இவளும் சிரித்தாள்.

"ஆச்சு சார்" என்றாள்.

"ஒந்நு செக் செய்தோ? ஏதெங்கிலும் ஒரு ஐடி இட்டு நோக்கு."

ஷைனி வரிசையைப் பார்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை. தன் பையில் இருந்து தன் ஐடி கார்டை எடுத்தாள். ஸ்கேனரில் காட்டினாள்.

பீப் என்றது. அவள் போட்டோ வந்தது. பெயர் வந்தது. கீழே சிவப்பில் — நாட் எலிஜிபிள்.

"வொர்க்கிங் சார்" என்றாள்.

தள்ளி நின்று வழி விட்டாள். சைஜி கார்டை நீட்டினாள். பச்சை. அவள் உள்ளே போகாமல் இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எட்டி, உள்ள போ, நேரமாவுது" என்று ஷைனிதான் தள்ளிவிட்டாள். கடைசிப் பிள்ளையும் போனதும் சார் "தேங்க்ஸ் மோளே" என்றார். கதவைச் சாத்தினார்கள்.

போன வாரம் ஷைனிக்கு இன்டர்ன்ஷிப் சர்ட்டிபிகேட் வந்தது. செமஸ்டர் முழுவதும், வகுப்பு நேரத்திலும் தவறாமல் லேபுக்கு வந்து பணியாற்றினாள் என்று சாரும் பிரின்ஸிபாலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் டீம் வந்து போய்விட்டது… இனி எழுதித் தரலாம்!